படர்தாமரை: களிம்பு வாங்கும் முன்னும் பூசும்போதும்

தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள், மார்பின் அடி மடிப்பு என்று வியர்வை தங்கும் இடமாகப் பார்த்து வட்டம் வட்டமாகப் படரும் அரிப்புதான் படர்தாமரை. இது பூஞ்சைத் தொற்று. தோல், முடி, நகம் மூன்றிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று இந்தப் பூஞ்சை வளர்கிறது. சின்னதாக இருக்கும்போதே சரியான மருந்தைப் பூசினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் இழுக்கிறது என்றால், மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிய டியூப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் இது படர்தாமரைதானா என்று பாருங்கள். வட்டத்தின் ஓரம் தடித்து, சிவந்தோ கருத்தோ, செதிலோடு இருக்கும். நடுப்பகுதி ஆறினாற்போலத் தெரியும். ஓரம் நாளுக்கு நாள் வெளியே நகரும். மார்பிலும் முதுகிலும் வெளிறிப் பொடிச்செதிலோடு, அதிக அரிப்பில்லாமல் இருந்தால் அது தேமல்; அது ஒட்டாது. விரலிடுக்கில் சிறு கொப்புளங்கள் வந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். நிறம் மங்கிய திட்டில் தொடு உணர்ச்சி இல்லையென்றால் களிம்பு எதுவும் பூசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயா என்று பார்ப்பார்கள். அதற்கான கூட்டு மருந்து அங்கே இலவசம்.

இப்போது டியூப். அட்டையைத் திருப்பி மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு இதையும் ஒரு ஆன்டிபயாட்டிக்கையும் கலந்து விற்கும் களிம்புகள் நிறைய உண்டு. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும். அதனால்தான் அவற்றுக்கு அவ்வளவு நல்ல பெயர். உண்மையில் ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. சிவப்பு மறையும், பூஞ்சை உள்ளே வளரும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக, சில சமயம் வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பி வரும். தொடை இடுக்கில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை.

ஸ்டீராய்டு கலக்காத மருந்து என்றால் குளோட்ரிமசோல் 1% (தினம் இருவேளை), டெர்பினாஃபின் 1%, லூலிகோனசோல் 1% (தினம் ஒருவேளை) போன்றவை. இந்தியாவில் இப்போது பரவும் ஒரு பூஞ்சை வகைக்கு டெர்பினாஃபின் பல பேரிடம் சரியாகக் கேட்பதில்லை. எனவே எதைப் பூசினாலும் இரண்டு வாரத்தில் ஓரம் அடங்காவிட்டால் நீங்களே வேறு டியூப்புக்கு மாறாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

பூசும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளித்து, மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் தோல் ஊறிப் புண்ணாகும். பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். பூஞ்சை அதிகம் இருப்பது ஓரத்தில். ஆகவே வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. தோல் தெளிவாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். கருமை மட்டும் மிஞ்சியிருந்தால் கவலை வேண்டாம். அது நோய் விட்டுப் போன தடம், மெல்ல மறையும்.

பூண்டு, எலுமிச்சைச் சாறு, பேட்டரித் தண்ணீர் எதுவும் வேண்டாம். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டி, தீப்பட்டாற்போலக் கொப்பளித்துவிட்டால் அடியில் இருந்த நோயைக் கண்டுபிடிப்பதே கடினம்.

பாதி வைத்தியம் துணியில் இருக்கிறது. உதிர்ந்த செதிலில் பூஞ்சை வெகுநாள் உயிரோடிருக்கும். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பைத் தனியாகச் சுடுநீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயவைத்து, தையல் ஓரங்களை இஸ்திரி போடுங்கள். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு உடுத்துவதும் நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ் போடுவதும் ஆகாது. அரைஞாண் கயிறு எப்போதும் நனைந்தே கிடக்கும். குணமாகும்வரை கழற்றி வையுங்கள், இல்லையேல் இடுப்பைச் சுற்றி அதே தடத்தில் மீண்டும் வரும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் நடக்க வேண்டும்.

தலை, நகம், முகம், உடம்பில் பல இடம் என்று பரவியிருந்தாலும், சர்க்கரை நோய், கர்ப்பம் இருந்தாலும் நேரே மருத்துவரிடம் போவதே சரி. குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டமாகத் திட்டு விழுந்தால் களிம்பு மட்டும் பலிக்காது. மருந்து முடியின் வேர்வரை போக வேண்டும் என்பதால் உள்ளுக்கு மாத்திரை தேவை. மருத்துவர் ஓரத்தில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். அதற்குப் போகும்போது பயன்படுத்திய டியூப்புகளையெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இட்ராகோனசோல் கேப்சூல் எழுதித் தந்தால் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாகச் சேராது. இதய பலவீனம், கல்லீரல் கோளாறு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.