ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்சில்: கேஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மஸ்டாங், ஃபேர்லேன் மாதிரி வண்டிகளை எடுத்து எஞ்சினை ஏற்றிக் கட்டும் பையன்களை டெட்ராய்ட் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். கேம்ஷாஃப்ட்டுக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பின் ஆக்சில் கேஸை மட்டும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஆர்டர் செய்துவிடுவார்கள். ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆயில் அளவு, போல்ட் டார்க் போன்றவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்துக்கொள்வது ஃபோர்டு 9 இஞ்ச்: 1957-இல் வந்து 1986 வரை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது, இன்றும் பவர் கூட்டிய வண்டிகளின் பின்னால் அதிகம் உட்கார்ந்திருப்பது.

எந்தக் கேஸ் என்று தெரியாமல் வாங்குவது

இரண்டு பொருளையும் கேஸ் என்றே சொல்கிறார்கள். ஒன்று வெளிக்கூடு, பினியனையும் (எஞ்சின் பக்கமிருந்து சுழன்று வரும் சின்னப் பல்சக்கரம்) கிரவுன் வீலையும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) தாங்குவது, 9 இஞ்சில் முன்பக்கமாக அப்படியே கழற்றி எடுக்கலாம். இன்னொன்று அதற்குள் சுழலும் டிஃப்ரன்ஷியல் கேஸ், திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரங்கள் இருப்பது. கிரவுன் வீல் இதில்தான் போல்ட் போட்டு உட்காரும். ஜிஎம் 12 போல்ட், டானா 60 போன்றவற்றில் வெளிக்கூடு ஆக்சில் குழாய்களோடு ஒன்றாகவே இருக்கும், அங்கே உங்களால் மாற்ற முடிவது உள் கேஸை மட்டும்தான். கீழே நான் கேஸ் என்று சொல்வதெல்லாம் வெளிக்கூடு.

'என்' (N) எழுத்தைப் பார்த்ததும் காசை எடுப்பது

ஃபோர்டு போட்ட கேஸ்களில் பெரும்பாலானவை சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும், விரிசல் ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்குத் தாவிப் போய்விடும், கேஸ் வளையாமல் உடையும். உருகிய இரும்பில் கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால் அதே கிராஃபைட் உருண்டையாகிவிடுகிறது. அதுதான் நாடுலர் அயர்ன், கோவை ஃபவுண்டரிகளில் எஸ்.ஜி. அயர்ன் என்பது இதைத்தான். 80-55-06 என்ற கிரேடு உடையுமுன் குறைந்தது 6 சதவீதம் நீளும். சாம்பல் இரும்பு 1 சதவீதம்கூட நீளாது.

ஃபோர்டின் நாடுலர் கேஸில் மேல்பக்கம் 'என்' என்ற ஆங்கில எழுத்து வார்க்கப்பட்டிருக்கும். சரி, எழுத்து இருக்கிறது. ஆனால் அது அறுபதுகளில் வார்த்த கேஸ், அதற்குப் பிறகு யார் யார் என்னென்ன எஞ்சினோடு அடித்தார்களோ! தொங்கவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல நாடுலர் மணி போல நீளமாக ஒலிக்கும், சாம்பல் இரும்போ விரிசல் விட்டதோ மொத்தென்று அடங்கிவிடும். பினியன் தலைக்குப் பின்னால் மூன்றாவது பேரிங் உட்காரும் தடுப்பை வெளிச்சம் அடித்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனையும் செய்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

எடை குறையும் என்று அலுமினியம் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

நம்ம ஊர்த் தம்பி ஒருவர், இங்கே கார் கம்பெனியில் வேலை. 1967 மஸ்டாங், 351 விண்ட்ஸர் எஞ்சின், 5 கியர் மேனுவல். தினமும் ஹைவேயில் அலுவலகம் போய் வருவார். அலுமினிய கேஸ் வாங்கிப் பொருத்தினார். காலையில் வண்டி அமைதியாக இருக்கும், அரை மணி நேரம் ஓடியதும் கிரவுன் சத்தம் ஆரம்பிக்கும். கட்டிக்கொடுத்த கடையில் கிரவுன் பினியன் செட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். சத்தம் திரும்ப வந்தது, இன்னொரு செட் வாங்கினார். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கில் டாலர், கூடவே கூலி. "அண்ணா, பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எங்க தப்புன்னே தெரியல" என்று என்னிடம் வந்தார். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சூடு ஆறுவதற்குள் கேஸைக் கழற்றி டயல் கேஜ் வைத்தோம். பக்கவாட்டு பேரிங்குகளில் ப்ரீலோடே (கட்டும்போதே பேரிங்கை அழுத்தி வைக்கும் இறுக்கம்) இல்லை, கிரவுன் வீல் கையால் அசைத்தாலே ஆடியது. ஆறியதும் எல்லாம் இறுகிச் சரியாகிவிட்டது. அத்தனை செட்டும் குளிர்ந்த கேஸை அளந்து கட்டியவை, ஒருவர்கூடச் சூட்டில் அளக்கவில்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு டிகிரி செல்சியஸுக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும், இரும்பும் எஃகும் சுமார் 12. இரண்டு பக்க பேரிங்குகளுக்கு நடுவே 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், சூடு 80 டிகிரி ஏறட்டும். உள்ளே இருக்கும் இரும்பைவிட அலுமினியக் கூடு சுமார் 0.18 மி.மீ. அதிகமாக விரிகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நாம் பார்த்துப் பார்த்து வைக்கும் பேக்லாஷே 0.15 முதல் 0.25 மி.மீ.தான். அதனால்தான் அலுமினிய கேஸைக் கட்டும்போது குளிரிலேயே கூடுதல் ப்ரீலோடு வைக்க வேண்டும். இரும்புக்கு வைக்கும் அளவிலேயே வைத்தால் சூட்டில் மொத்தமும் பறந்துவிடும், கிரவுன் வீல் பினியனை விட்டு விலகும், பல் ஓரத்தில் மட்டும் பட்டுத் தேயும்.

அப்புறம் விறைப்பு. அலுமினியத்தின் மீள்தன்மைக் குணகம் சுமார் 70 ஜிகா பாஸ்கல், நாடுலருக்குச் சுமார் 170. அதே வடிவம், அதே சுமை என்றால் இரண்டு மடங்குக்கு மேல் வளையும். நல்ல கம்பெனிகள் ரிப்பைத் தடிமனாக்கி இதை ஓரளவு சமாளிக்கின்றன, ஆனால் அந்தத் தடிமனே குறைத்த எடையில் ஒரு பங்கைத் திரும்பச் சாப்பிடுகிறது. இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழான சுமையை எத்தனை முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. டிராக் ரேஸ் வண்டியை ஒரு சீசனுக்குள்ளேயே பலமுறை பிரித்துப் பார்க்கிறார்கள், விரிசல் தெரிந்தால் தூக்கிப் போடுகிறார்கள். ரோட்டில் ஓடும் வண்டியின் ஆக்சிலை யார் வருஷக்கணக்கில் திறக்கிறார்கள்?

அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பது உண்மை. முழு ஆக்சில் வண்டியில் சஸ்பென்ஷனுக்குக் கீழே எடை குறைவதும் நல்லதுதான். சி4 கார்வெட்டில் தொழிற்சாலையிலேயே அலுமினிய டிஃப்ரன்ஷியல் கூடு வந்தது; ஆனால் அது தொடக்கம் முதலே அந்த உலோகத்துக்காக வரையப்பட்டது, பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் கூடு நேராக ரோட்டு அடியையும் வாங்காது. சில கிலோவுக்காக, தினமும் ஓட்டும் மேனுவல் கியர் வண்டியில் இதைப் போடச் சொல்லி விற்பவர்கள்மேல்தான் என் கோபம். வாங்குபவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

குதிரைத்திறனை மட்டும் சொல்லிக் கேஸ் கேட்பது

கேஸை உடைப்பது பெரும்பாலும் திடீர் அடி. 350 குதிரைத்திறன் வண்டியில் ஒட்டும் டயரைப் போட்டு 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சைச் சட்டென்று விட்டால் வரும் அதிர்ச்சி, 500 குதிரைத்திறனும் ஆட்டோமேட்டிக்கும் கொண்ட வண்டிக்கு வராது, டார்க் கன்வெர்ட்டர் அதை மென்மையாக்கிவிடும். கியர்பாக்ஸ், டயர், வண்டியின் எடை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

பழைய ஷிம்மை (பினியன் ஆழத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) புதிய கேஸில் போடுவது

கூடாது. கேஸ் மாறினால் பினியன் ஆழத்தை முதலிலிருந்து அளக்க வேண்டும்.

பேரிங் துளையைப் பார்க்காதது

கேஸில் பக்கவாட்டு பேரிங் உட்காரும் துளை இந்த அளவுகளில் வரும்: 2.891, 3.062, 3.250 இஞ்ச். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது.

தேவையில்லாமல் நாடுலர் வாங்குவது

வண்டியில் சாதாரண 302 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், கடையில் கிடைக்கும் ரேடியல் டயர், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால், விரிசல் இல்லாத சாம்பல் இரும்பு கேஸே போதும். தொழிற்சாலையில் அப்படித்தான் லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். மிச்சமாகும் பணத்தில் புது பேரிங்கும் சீலும் வாங்கி, நிதானமாக அளந்து கட்டித் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். பின்னால் மேனுவல் கியருக்கோ ஒட்டும் டயருக்கோ மாறுவதாக இருந்தால் மட்டும் இப்போதே நாடுலர் கேஸ் எடுங்கள். இல்லையென்றால் செட்டிங் கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும்.