இளங்குளிர் நாட்களில் ஆந்த்ரசைட் கணப்பைத் தணித்து எரிக்கும் முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வடகிழக்கில், ஸ்க்ராண்டன், வில்க்ஸ்-பாரி, ஹேசில்டன் வட்டாரத்தில் கிடைக்கும் கெட்டி நிலக்கரிதான் ஆந்த்ரசைட். அதைக் கையால் அள்ளிப் போட்டு எரிக்கும் கணப்பு அடுப்புகள் அங்குள்ள பல வீடுகளில் இன்றும் உண்டு. சனவரிக் கடுங்குளிரில் அவற்றை நடத்துவது எளிது. அக்டோபரிலும் ஏப்ரலிலும், பகல் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில்தான், புதிதாகப் பழகுபவர்களின் தீ அணைந்துபோகிறது.

காரணம் அடுப்பில் இல்லை, புகைபோக்கியில் இருக்கிறது. உள்ளே உள்ள சூடான வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடே புகையை மேலே இழுக்கிறது. வெளியே குளிர் குறையக் குறைய அந்த இழுப்பும் தளர்கிறது. ஆந்த்ரசைட்டுக்கோ காற்று கீழிருந்து, இரும்புக் கிராதி வழியாக, கரிப்படுகையை ஊடுருவி வந்தாக வேண்டும். 1808 பிப்ரவரியில் வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் காற்றூதும் துருத்தி எதுவும் இல்லாமல், கிராதியின் மேல் இக்கரியை எரித்துக் காட்டியதும் இந்த இயல்பான இழுப்பை நம்பித்தான்.

ஆகவே முதல் வேலை, இழுப்புக்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவது. அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாயின் கிடைமட்டப் பகுதியில் மெல்லிய சாம்பல்தூள் படிந்திருக்கும். கடுங்குளிரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அந்தப் படிவு, இளங்குளிரில் தீயையே அணைத்துவிடும். குழாயைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும், குறிப்பாகப் படுக்கையறைகளுக்கு அருகில், இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று சோதித்த பிறகே மேற்கொண்டு செல்லுங்கள். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு உயிரைக் கொல்லும் என்பதால், இதில் சமரசமே கூடாது.

இரண்டாவது, கரியின் அளவு. கரியைக் குறைத்துப் போட்டால் தீயும் குறையும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஆந்த்ரசைட் அப்படி நடந்துகொள்வதில்லை. மெல்லிய படுகையில் கரித்துண்டுகள் ஒன்றின் சூட்டை மற்றொன்று காக்க முடியாமல் ஆறி, தீ அணைந்துவிடும். எந்தப் பருவத்திலும், அடுப்பின் உட்சுவராக உள்ள தீச்செங்கலின் மேல்விளிம்பு வரை நிரப்புங்கள். விற்பனையில் ‘நட்’ எனப்படும் அளவுக் கரியின் மேல், அதைவிடச் சற்றுச் சிறிய ‘பீ’ அளவுக் கரியைப் பரப்பினால், இடைவெளிகள் குறைந்து எரிவு இன்னும் மெதுவாகும்.

மூன்றாவதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி: சாம்பலை விட்டுவைப்பது. குளிர்காலத்தில் சாம்பல் தட்டில் செந்தணலின் ஒளி பரவலாகத் தெரியும்வரை கிராதியை ஆட்டுவோம். இப்போதோ கைப்பிடியைச் சிறு அசைவுகளாக ஆட்டி, முதல் சில கங்குகள் கீழே விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். கிராதிமேல் தங்கும் சாம்பல் காற்றைத் தடுத்துத் தடுத்து விடுவதால், தீ நீறு பூத்த நெருப்பாக நெடுநேரம் நிற்கும். இப்படியே பல நாள் விட்டால் சாம்பல் இறுகி மூச்சடைத்துவிடும்; ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாளாவது சற்று நன்றாக ஆட்டுங்கள். மேலிருந்து கம்பியால் கிளறவே கூடாது. சாம்பல் கரியோடு கலந்து கட்டிதட்டிப்போகும். அடைப்பு எடுக்க வேண்டுமானால், வளைந்த கம்பியைக் கீழிருந்து கிராதி இடுக்குகளில் செலுத்துங்கள்.

கரி போடும்போது அவசரம் வேண்டாம். தீ தளர்ந்திருந்தால் ஆட்டாதீர்கள். கீழ்க்காற்றுத் திறப்பைச் சில நிமிடம் அகலத் திறந்து, தணல் உயிர்பெற்றதும் ஒரு மெல்லிய அடுக்குக் கரியை இட்டு, அது பற்றிய பிறகு சிறிதளவு ஆட்டி, அதன்பின் முழுவதும் நிரப்புங்கள். நிரப்பும்போது ஒரு மூலையில் செந்தணலை மூடாமல் விடுங்கள். புதுக்கரியிலிருந்து எழும் வாயு அங்கே பற்றி, கரிமேல் நீலச் சுடர்களாக ஆடும். தணல் முழுவதும் மூடப்பட்டால் அவ்வாயு தேங்கி, திடீரெனப் பற்றி வெடிக்கக்கூடும். நீலச் சுடர் நிலைத்ததும் கீழ்க்காற்றைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள். சாம்பல் கதவைத் திறந்துவைத்துவிட்டு அறையைவிட்டு நகராதீர்கள். தீ கட்டுமீறிக் கிராதியையே வளைத்துவிடும்.

வீட்டையும் கவனிக்க வேண்டும். சமையலறைக் காற்று வெளியேற்றியும் துணி உலர்த்தியும் ஓடும்போது வீட்டுக்காற்று வெளியே உறிஞ்சப்பட்டு, தளர்ந்த புகைபோக்கி எதிர்த்திசையில் வாயுவைக் கக்கக்கூடும். மேல்மாடிச் சன்னல்களை மூடி, அடுப்பு இருக்கும் தளத்தில் ஒரு சன்னலைச் சிறிது திறந்துவையுங்கள். குழாயில் இழுப்பை அளக்கும் மானோமீட்டர் என்ற கருவியைப் பொருத்துவது நல்ல முதலீடு. அது காட்டும் இழுப்பு, நீர்மட்ட உயர அளவில் ஓர் அங்குலத்தின் நூறில் ஓரிரு பங்குக்கும் கீழே தள்ளாடினால், எரிப்பதை நிறுத்த வேண்டிய நேரம் அது.

பகல் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 16 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நீடித்தால், தீயைப் பிடித்துவைக்கப் போராடாமல் அணையவிடுங்கள். அதன்பின் சாம்பலை வாரி மூடியுள்ள உலோக வாளியில் வெளியே வைத்து, குழாயைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். படிந்த தூளில் உள்ள கந்தகம் கோடை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அடுத்த பருவத்துக்குள் இரும்பை அரித்துவிடும்.