தைலமரத் தோட்டத்தில் பூஞ்சை நோயை அடையாளம் காணும் முறை

தைலமர இலையில் ஒரு புள்ளியைக் கண்டவுடன் பூஞ்சைக்கொல்லியைத் தேடுவதுதான் புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. புள்ளி கொழுந்தில் இருக்கிறதா, முற்றிய இலையில் இருக்கிறதா, மரத்தின் வயது என்ன என்பவற்றைக் கவனித்தாலே எந்த நோயாக இருக்கக்கூடும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். ஆகவே மரத்தை எந்த வரிசையில் பார்ப்பது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: ஆயத்தம்

கூர்மையான கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், காகித உறைகள், எரிசாராயத்தில் நனைத்த துணி ஆகியவை போதும். ஓர வரிசைகளை மட்டும் பார்த்துத் திரும்பாமல் தோட்டத்தின் குறுக்காக நடந்து, நோயுற்ற மரங்கள் திட்டுத்திட்டாக நிற்கின்றனவா, பரவலாக நிற்கின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கொழுந்து

கொழுந்திலும் இளந்தண்டிலும் மஞ்சள் பொடி படிந்திருந்து, விரலால் தடவினால் அது ஒட்டிக்கொண்டு வந்தால், அது ஆஸ்ட்ரோபுக்சினியா சிடி என்னும் பூஞ்சை உண்டாக்கும் துரு நோயாக இருக்கலாம். பிரேசிலில் கொய்யாவிலிருந்து 1884-இல் விவரிக்கப்பட்ட இந்தப் பூஞ்சை, 2010-இல் தைலமரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவிலும் கண்டறியப்பட்டது. 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்தால் இது வேகமாகப் பரவும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட மரங்களையே தாக்குகிறது.

மூன்றாம் படி: விரிந்த இலைகள்

அடிக்கிளைகளில் நீர் கோத்தது போன்ற சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றி, இலையுதிர்வு கீழிருந்து மேல்நோக்கி ஏறினால், கலோனெக்ட்ரியா இனத்தின் இலைக்கருகலைச் சந்தேகிக்கலாம். வெப்பமும் மழையும் சேர்ந்த காலத்தில் இது கடுமையாகும். இலையின் அடிப்பக்கத்தில் கரிப்பொடி போன்ற வித்துகள் அப்பியிருந்தால் அது டெராடோஸ்பேரியா டிஸ்ட்ரக்டன்ஸாக இருக்கலாம்; 1995-இல் வடக்கு சுமத்ராவில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்த நோய், மரத்தை மொட்டையாக்கிவிடும் அளவுக்குக் கொடியது.

நான்காம் படி: தண்டும் பட்டையும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இலை நோயிலிருந்து மரம் தேறி வரக்கூடும். தண்டில் விழுந்த சொறியோ, அதாவது பட்டையை அரித்து உண்டாகும் புண்ணோ, மரத்தின் தரத்தையே கெடுத்துவிடும். முதலில் மரத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பட்டை வெடித்தோ உள்வாங்கியோ இருந்து, லென்ஸில் கறுத்த கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால், அது கிரைசோபோர்தே சொறியாக இருக்க வாய்ப்பு மிகுதி. இது இளமரத்தின் தண்டைச் சுற்றி வளைத்துக் கொன்றுவிடும்.

பிறகு தண்டின் பசுமையான இளம்பகுதியைப் பாருங்கள். கண் வடிவச் சிறு புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, செம்பழுப்புப் பிசின் வழிந்திருக்கும் இடத்தில் பட்டையை மெல்லச் சீவினால், கட்டைக்குள்ளும் பிசின் தேங்கிய கறுத்த பைகள் தெரியலாம். டெராடோஸ்பேரியா சூலுயென்சிஸ் உண்டாக்கும் இந்தச் சொறி, 1988-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரே ஒரு குளோனில்தான் (ஒரே தாய்மரத்திலிருந்து நகலாகப் பெருக்கிய மரங்கள்) முதலில் காணப்பட்டது. பின்னர் வேறு குளோன்களுக்கும் பரவியது. ஒரே குளோனைத் தோட்டம் முழுவதும் நடுவதை நான் அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

நுனி காய்ந்து கீழ்நோக்கி வந்தால் போட்ரியோஸ்பேரியா வகைப் பூஞ்சையாக இருக்கலாம். நலமான மரத்துக்குள்ளும் அடங்கிக் கிடக்கும் இது, வறட்சியோ உறைபனியோ மரத்தை வாட்டும்போது நோயாக வெளிப்படுகிறது. ஆதலால் அண்மைக்கால வானிலையையும் குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: மாதிரி எடுத்தல்

நலமான திசுவும் நோயுற்ற திசுவும் சந்திக்கும் விளிம்பிலிருந்து மாதிரியை வெட்டிக் காகித உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து வேறு பூசணங்கள் மூடிவிடும். அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியைத் துடைக்க மறக்க வேண்டாம். ஆய்வகத்தின் உறுதிப்பாடு இல்லாமல் நோய்க்கு முடிவான பெயர் சூட்டக் கூடாது.

ஆறாம் படி: நடவடிக்கை

பூஞ்சைக்கொல்லி நாற்றங்காலில் பயன்தரும். அங்கேயும் நெருக்கத்தைக் குறைப்பதும், பாசன ஈரம் இரவில் தங்காமல் பார்ப்பதும், தட்டுகளைச் சுத்தம் செய்வதும் முதலில் வர வேண்டும். உயர்ந்து வளர்ந்த தோட்டத்தில் மருந்து தெளிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது; தாங்குதிறன் உள்ள குளோன்களைக் கலந்து நடுவதே அங்கே கைகொடுக்கும். அறுவடைக்குப் பின் மறுதாம்பு விடுபவர்கள், அடிக்கட்டையிலிருந்து எழும் தளிர்கள் துரு நோய்க்கு ஏற்ற இளந்திசு என்பதால், தளிர் விட்ட நாளிலிருந்தே இரண்டாம் படியைத் திரும்பத் தொடங்க வேண்டும்.