சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்டை வெச்சு டார்கெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்லயும் ஆந்திராவுல தடா பக்கம் ஸ்ரீசிட்டிலயும் புதுசா இஎச்எஸ் (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு), இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) வேலைக்கு சேர்ந்த பசங்க பொண்ணுங்க அனுப்பற எக்ஸெல் ஷீட்டெல்லாம் பாத்துட்டு வரேன், நாங்க அந்த காலத்துல பண்ண அதே கூத்துதான், ஃபார்முலா மட்டும் நீளமாயிருக்கு. கூட்டல் தப்பு, லிட்டரையும் கிலோலிட்டரையும் குழப்பறது இதையெல்லாம் ஆடிட்டர் புடிச்சிடுவாரு, விட்டுடறேன். அவரு டிக் அடிச்ச அப்புறமும் 2030 டார்கெட்டை கவுக்கற சமாச்சாரம் மட்டும் கீழ.

ரூபாயை வகுத்து டார்கெட் போடறது

இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வர்ற விஷயம் இது. பங்குச்சந்தையை கண்காணிக்கற செபியோட பிஆர்எஸ்ஆர்ங்கற சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட் முதல் 1000 லிஸ்டட் கம்பெனிக்கு 2022-23ல இருந்து கட்டாயம், அதுல கரண்ட், தண்ணி, கார்பன் எல்லாத்தையும் டர்ன்ஓவரால வகுத்து காட்டணும். கேக்கறாங்க, காட்டுங்க. ஆனா அதே வரியை தூக்கி "2030க்குள்ள 25 சதவீதம் குறைப்போம்"னு போர்டு முன்னாடி வெச்சீங்கன்னா மாட்டிக்கிட்டீங்க.

கணக்கு போட்டு பாப்போம். விலையெல்லாம் புரியறதுக்காக நான் போட்டது. கரண்ட்ல இரும்பை உருக்கற இண்டக்ஷன் ஃபர்னஸ்ல ஒரு டன் உருக்க 600 யூனிட்னு வெச்சுக்கோங்க, கம்பி டன் 50,000 ரூபாய். ஒரு கோடி ரூபாய்க்கு 200 டன், அதாவது 1,20,000 யூனிட். கம்பி விலை 65,000க்கு ஏறுது. இப்போ ஒரு கோடிக்கு 154 டன் கூட இல்ல, யூனிட் 92,300. ஒரு லைட்டை கூட யாரும் அணைக்கல, ஆனா 23 சதவீதம் குறைஞ்சாச்சு! தக்காளி கிலோ 100 ரூபாய் ஆச்சுன்னா ரசம் கொதிக்க கேஸ் கம்மியா ஆகுமா?

இந்த பக்கம் ஒரு ஆலையில அப்படியேதான் நடந்துச்சு. ஸ்டீல் விலை ஏறிக்கிட்டே இருந்த சமயம், ரிப்போர்ட்ல நம்பர் அழகா இறங்குச்சு, மேல இருந்து மெயில், கேக், ஃபோட்டோ. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. ரீஹீட்டிங் ஃபர்னஸுக்கு ரெகுபரேட்டர் கேட்டு ஒரு ஃபைல் மேல போயிருந்துச்சு, புகையோட வீணா போற சூட்டை எடுத்து எரியறதுக்கு போற காத்தை சூடாக்குற சாமான், எண்ணெய் நல்லா மிச்சமாகும். "டார்கெட்தான் வந்துடுச்சே, இப்ப எதுக்கு செலவு"ன்னு ஃபைலை ஓரமா வெச்சுட்டாங்க. 2022 மே மாசம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டுச்சு, விலை இறங்குச்சு. அப்புறம் பாருங்க வேடிக்கையை. ஃபர்னஸ் மேஸ்திரி ஸ்கிராப்ல மண்ணு துருவெல்லாம் தட்டி ஏத்த வெச்சு, மூடியை தேவையில்லாம திறக்க விடாம, லேடில் (உருக்கை ஊத்தி எடுக்கற பெரிய தொட்டி) வர்ற வரைக்கும் உருக்கை சும்மா காத்திருக்க விடாம பாத்து டன்னுக்கு கரண்டை நெஜமாவே குறைச்சிருந்தாரு, ஆனா ரிப்போர்ட்ல நம்பர் ஏறியிருக்கு. மேல சொன்ன கணக்குலயே விலையை 52,000ஆ இறக்கி, யூனிட்டை 600ல இருந்து 570ஆ குறைச்சு போட்டு பாருங்க, கோடிக்கு 1,09,600 வரும், போன தடவைய விட கிட்டத்தட்ட 19 சதவீதம் ஜாஸ்தி. ஒண்ணும் பண்ணாத வருஷத்துக்கு கேக், வேலை செஞ்ச வருஷத்துக்கு மீட்டிங்ல திட்டு. அந்த மனுஷன் அதுக்கப்புறம் லாக் புக்கை கடனேன்னுதான் எழுதினாரு, அவர என்ன சொல்றது.

2012ல ஆரம்பிச்ச பேட் (PAT)ங்கற எரிசக்தி சேமிப்பு ஸ்கீம்லயே அரசாங்கம் ரூபாயால வகுக்கல, ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு எனர்ஜின்னுதான் டார்கெட் குடுத்தாங்க. 2023ல வந்த கார்பன் கிரெடிட் ஸ்கீம்லயும் டன்தான். பிஆர்எஸ்ஆர்லயே 2023ல மாத்தின ஃபார்மட்ல உற்பத்தி அளவுக்கு எவ்வளவுன்னு தனி வரி இருக்கு, நெறைய பேர் அதுல கோடு போட்டு விட்டுடறாங்க. டார்கெட்டை அந்த வரியில இருந்து எடுங்க, கூடவே மொத்த அளவுக்கும் ஒரு நம்பர் வைங்க, ஏன்னா டன்னுக்கு குறைஞ்சாலும் உற்பத்தி ரெட்டிப்பானா மொத்த புகை ஏறத்தான் செய்யும்.

ரெண்டு ஸ்டேட் பில்லை அப்படியே கூட்டறது

பார்டருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஆலை வெச்சிருக்கறவங்களுக்கு. நம்ம ஊர் எச்டி (ஆலைக்கு வர்ற உயர் அழுத்த மின்சாரம்) பில்லுல காசு கிலோவாட் ஹவர் கணக்கு, அதாவது நெஜமா வேலைக்கு ஆன கரண்ட், ஆந்திரா எச்டி பில்லுல கேவிஏ ஹவர், வேலைக்கு ஆகாம போய் வர்ற கரண்டும் அதுல சேரும். ரெண்டையும் யூனிட்னு எக்ஸெல்ல ஒரே காலம்ல போட்டு கூட்டறாங்க. அங்க பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏல நெஜ வேலைக்கு ஆகற பங்கு, 0.9ன்னா 1,00,000 யூனிட் 1,11,000ஆ தெரியும், அப்புறம் யாராவது கெபாசிட்டர் பேங்க் போட்டு 0.99க்கு கொண்டு வந்தா 9 சதவீதம் சேமிச்சோம்னு ஸ்லைடு வரும். பில் குறையும், நல்லதுதான், ஆனா கார்பன் கணக்குக்கு அந்த சேமிப்பு செல்லாது. அதே பில்லுல கிலோவாட் ஹவர் ரீடிங்கும் இருக்கும், அதை எடுங்க.

இன்னொண்ணு, "ஆந்திராவுக்கு தனி எமிஷன் ஃபேக்டர் எங்க சார் கெடைக்கும்"னு கேக்காதீங்க. 2013 டிசம்பர் கடைசியில சதர்ன் கிரிட்டை மத்ததோட இணைச்சாச்சு, மத்திய மின்சார ஆணையம் இப்ப நாடு முழுக்க ஒரே ஃபேக்டர்தான் போடறாங்க, ஒரு யூனிட் கரண்டுக்கு 0.7 கிலோ சொச்சம் கார்பன் டை ஆக்ஸைடு. எந்த வருஷத்து ஃபேக்டர்னு ஷீட்லயே எழுதி வைங்க.

போர்வெல் தண்ணியை குத்துமதிப்பா போட்டு, அதுல 20 சதவீதம் குறைக்கறது

மோட்டார் ரூம் நோட்டை ஒரு தடவை நேர்ல போய் புரட்டி பாருங்க. தினமும் 6 மணி நேரம்னு ஒரே பேனாவுல எழுதியிருக்கும், ஆலை மூடியிருந்த தீபாவளி அன்னிக்கும் 6 மணி நேரம். அதை ஹார்ஸ்பவரால பெருக்கி வந்த நம்பர் உங்க பேஸ்லைன், அதாவது ஒப்பிட்டு பாக்கற ஆரம்ப அளவு. அடுத்த வருஷம் மீட்டர் மாட்டினதும் நம்பர் எகிறும், டார்கெட் அன்னிக்கே செத்துடும். முதல்ல மீட்டர், ஒரு முழு வருஷ ரீடிங், அப்புறம் டார்கெட். மீஞ்சூர் பக்கம் ஓவரா உறிஞ்சி கடல் தண்ணி உள்ள வந்த கதை பக்கத்துலயே இருக்கு, அதனால மொத்தம் எவ்வளவுங்கறதோட எந்த போர்ல எவ்வளவுன்னும் எழுதுங்க. டேங்கர் தண்ணியையும் சேர்க்கணும், காசு குடுத்து வாங்கினா கணக்குல வராதுன்னு ஒரு நம்பிக்கை இங்க ஓடுது.

லாக்டவுன் வருஷத்தை பேஸ் இயரா எடுக்கறது

வேண்டாம். ஆலை சரியா ஓடாத வருஷத்தை ஒப்பிடற ஆரம்ப வருஷமா வெச்சா கணக்கே கோணலாகும். மிக்ஜாம் புயல் வந்த வருஷமும் சந்தேகம்தான், கரண்ட் இல்லாம ஜென்செட் எத்தனை நாள் ஓடுச்சுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்லாக்கை "மற்றவை"ல போட்டுட்டு பேப்பர் கப்பை ஒழிக்கறது

ஸ்லாக்னா இரும்பு உருக்கும்போது மிஞ்சற கசடு. ரெண்டு கழிவையும் எடை போட்டு பாருங்க, எது பெருசுன்னு புரியும்.

நெட் ஜீரோ 2050 போஸ்டர்

நெட் ஜீரோன்னா விடற கார்பனும் திரும்ப உறிஞ்சறதும் சமமாகறது. 2027க்கு ஒரு நம்பர் இல்லன்னா ஒட்டாதீங்க.

வேலையை வெளிய குடுத்துட்டு புகை குறைஞ்சதுன்னு சொல்றது

இரும்புக்கு துத்தநாகம் பூசற கால்வனைஸிங் ஷெட்டை மூடிட்டு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினா ஸ்கோப் 1 (நம்ம ஆலையிலயே விடற புகை) குறையும், புகை இங்க வராம ஜாப் ஒர்க்காரர் புகைக்கூண்டுல வரும், அவ்வளவுதான். கார்பன் கணக்குக்கு உலகம் முழுக்க பாக்கற ஜிஎச்ஜி புரோட்டோகால் இதுக்கு வழி சொல்லியிருக்கு. ஷெட்டோட நம்பரை பேஸ் இயர்ல இருந்தும் எடுத்துட்டு திரும்ப கணக்கு போடுங்க, இல்லன்னா ஜாப் ஒர்க்காரர் எரிக்கறதை ஸ்கோப் 3ல (நமக்காக வெளிய மத்தவங்க விடற புகை) ஏத்துங்க. அதுக்கு அவரோட எண்ணெய் பில் வேணும். நீங்க கேட்டா குடுக்க மாட்டாரு, அவருக்கு பேமென்ட் போடற அக்கவுண்ட்ஸ் அக்காவை விட்டு கேக்க சொல்லுங்க.