மேட்டுக்காட்டில் வரப்பு போடுவது எப்படி: ஒருமுறை உடைந்த பிறகு எழுதுவது

தாராபுரத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். அப்பா இருந்தவரை பாதி கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், மீதியில் சோளமும் கொள்ளும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 22 வருடம் கணக்கு எழுதிவிட்டு நான் திரும்பி வந்தபோது எங்கள் காடு அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே இருந்ததுதான் மாறிவிட்டது. மேல்காட்டைச் சைட் பிரித்து விற்றிருந்தார்கள். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மாடு போன இட்டேரி தார்ரோடாகிவிட்டது. முன்பெல்லாம் புல்லும் வேலியோரச் சருகும் குடித்தது போக மிச்சத் தண்ணீர்தான் எங்களுக்கு வரும். இப்போது பெய்ததெல்லாம் வருகிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கம் விடுமா. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு ஏக்கரில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியாக இருந்தால் பதினாறு, பதினேழு லாரி. ஒரு ஏக்கர் தார்ரோடும் கான்கிரீட் வாசலும் அதில் ஏறக்குறைய அத்தனையையும் கீழே தள்ளிவிடும்.

இதெல்லாம் உறைப்பதற்கு முன் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ஜேசிபி வரவழைத்து, மேல் எல்லைக்கல்லில் கயிறு கட்டி, அந்த நேர்கோட்டிலேயே மூன்றடி உயரத்துக்கு வரப்பு போட்டேன். பார்க்க ரயில் பாதை மாதிரி அழகாக இருந்தது. எல்லைக்கோடு நேராகப் போகும், நிலம் நேராகப் போகாது. ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. வரப்பின் பள்ளமான இடத்தில் தண்ணீர் முழுக்கக் கூடி, அங்கே உடைத்துக்கொண்டு, கடலைக்காட்டின் நடுவே இடுப்பளவுக்கு அறுத்துவிட்டுப் போய்விட்டது. வரப்பே இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

பெரியப்பா வந்து பார்த்தார். "வாய் எங்க அம்மிணி?" என்றார். எனக்குப் புரியவில்லை. "வாய் வெக்காமக் கட்டுனா அது வரப்பில்ல, கொளம்."

சரி, இரண்டாவது முறை எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எதையும் தோண்டாதீர்கள். ஒரு மழைக்காவது குடையோடு காட்டுக்குள் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே ஒன்று சேர்கிறது, எங்கே கலங்குகிறது என்பது அந்த அரைமணி நேரத்தில்தான் தெரியும். நான் ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துத் திண்ணையில் வைத்தேன். மறுநாள் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணீர் அதற்கு அடுத்த நாளும் தெளியவில்லை. மணல் உடனே இறங்கிவிடும், களித்தூள்தான் கடைசிவரை மிதக்கும். எருச்சத்து ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தத் தூளில்தான், முதலில் போவதும் அதுதான்.

போகிற மண்ணை அளக்க இன்னொரு வழி இருக்கிறது. ஓர் அடி நீள ஆணி பத்தை எடுத்து, தலையில் ஒரு விரல்கடை மட்டும் வெளியே தெரியும்படி சரிவில் அங்கங்கே அடித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறது என்று ஸ்கேலில் பாருங்கள். என் மேல் ஏக்கரில் சராசரியாக 5 மில்லிமீட்டர். ப்பூ இவ்வளவுதானா என்று தோன்றும். ஏக்கருக்குப் பெருக்கினால் 20 கன மீட்டர். 100 கன அடி பிடிக்கும் டிராக்டர் டிரெய்லரில் ஏழு லோடு மண். யாராவது நம் காட்டிலிருந்து ஏழு லோடு அள்ளிக்கொண்டு போனால் சும்மா விடுவோமா?

அடுத்தது மட்டம் பார்ப்பது. இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: உள்ளே தண்ணீர் தெரியும் குழாய் 15 மீட்டர், ஐந்தடிக் குச்சி இரண்டு. குச்சியில் சென்டிமீட்டர் குறித்து, குழாயின் முனையை ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது காற்றுக்குமிழ் ஒன்றுகூட உள்ளே நிற்கக்கூடாது. நின்றால் அளவு முழுக்கப் பொய். இரண்டு குச்சியையும் ஒரே இடத்தில் பக்கம்பக்கமாக நிறுத்தி, தண்ணீர் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகு கிளம்புங்கள். நடக்கும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், நின்றதும் விரலை எடுக்க வேண்டும். என் தம்பி மகன் எடுக்க மறந்து, ஒரு வரிசை முளைக்குச்சியை மறுபடி அடிக்க நேர்ந்தது.

சரிவு தெரிய, மேலிருந்து நேர் கீழாகப் பத்து மீட்டர் தள்ளி இரண்டு குச்சியையும் நிறுத்துங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். எனக்கு 25 சென்டிமீட்டர் வந்தது, அதாவது நூற்றுக்கு இரண்டரை. இதை வைத்து வரப்புக்கும் வரப்புக்கும் எவ்வளவு இறக்கம் விடலாம் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: சரிவு சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்க வேண்டும். விடை மீட்டரில் வரும். எனக்கு 0.85 மீட்டர். அந்த இறக்கம் கிடைக்க இரண்டரை சதவீதச் சரிவில் 34 மீட்டர் போக வேண்டும். அதுதான் இரண்டு வரப்புக்கு நடுவே உள்ள தூரம்.

பிறகு சரிவுக்குக் குறுக்கே போங்கள். ஒருவர் ஒரு புள்ளியில் நிற்க, மற்றவர் பத்து மீட்டர் தள்ளி, இரண்டு எண்ணும் ஒன்றாகும் வரை மேலும் கீழும் நகர்ந்து, அந்த இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். கடைசியில் பார்த்தால் வரப்பு போக வேண்டிய கோடு பாம்பு மாதிரி வளைந்து போகும். அதை நேராக்கத் தோன்றும். ரொம்பக் கூர்மையான திருப்பத்தை மட்டும் கொஞ்சம் தணித்துவிட்டு, மற்றபடி கையை வைக்காதீர்கள். நான் போன தடவை ஏமாந்தது இந்த நேர்கோட்டு ஆசையில்தான்.

ரோட்டுத் தண்ணீர் வரும் காடாக இருந்தால், வரப்புக்கு முன்னால் மேல் எல்லையில் ஒரு வாய்க்கால் வேண்டும். இது மட்டத்தில் போகக்கூடாது. 30 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் கொடுங்கள். அதற்கு மேல் போனால் வாய்க்காலே அடியில் அறுக்கத் தொடங்கும். எனது வாய்க்கால் காட்டின் மேற்கு மூலையில் பண்ணைக்குட்டையில் விழுகிறது, குட்டை நிறைந்தால் பழைய இட்டேரிப் பள்ளத்துக்குப் போகும். கீழ்க்காட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் திருப்பிவிட்டால் பங்காளி சண்டைதான்.

இனி வரப்பு. சித்திரை, வைகாசியில் ஒரு மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். காய்ந்த மண்ணைக் குவித்தால் இறுகாது. வரப்பு உட்காரும் இடத்தில் புல்லைச் செதுக்கி, ஒரு சால் உழுதுவிட்டால் புது மண் பழைய மண்ணைப் பிடித்துக்கொள்ளும். என் அளவு: அடி அகலம் ஐந்தடி, உயரம் இரண்டடி, மேல் அகலம் ஓர் அடி. அரையடி அரையடியாகப் போட்டு மிதிக்க வேண்டும். எப்படி மிதித்தாலும் மண் உட்காரும், அதனால் கட்டும்போது இரண்டரை அடி வையுங்கள். மண்ணை வரப்பின் மேல்புறத்திலிருந்து, ஓர் அடி ஒதுக்கி எடுங்கள். ஆழம் ஓர் அடிக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து தோண்டினால் அது ஓடையாகிவிடும். அங்கங்கே தோண்டாமல் ஒரு குறுக்குத் திட்டு விட்டுவிடுங்கள். வரப்பின் இரண்டு முனையையும் மேல்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகாது.

வாய்க்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கு, வருவோம். வரப்பின் ஒரு முனையில் ஐந்தடி அகலத்துக்கு மண்ணை விட்டுவிட்டு, அங்கே கல் அடுக்கினேன். கல்லின் உயரம் ஓர் அடிதான், வரப்பைவிட ஓர் அடி தாழ்வு. அந்த ஓர் அடி வரை தண்ணீர் நின்று ஊறும், அதற்கு மேல் வந்தால் கல்மேல் வழிந்துவிடும். கல்லின் நடு கொஞ்சம் தாழ்ந்தும் இரண்டு பக்கமும் வரப்புக்குள் புதைந்தும் இருக்க வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் மூன்றடிக்குச் சல்லிக்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் விழுகிற இடம் குழியாகி, குழி மேலே ஏறி வந்து வாயையே சாய்த்துவிடும். முதல் வரப்புக்கு வாய் இடது முனையில் என்றால், அடுத்ததுக்கு வலது முனையில் வைத்தேன். தண்ணீர் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகட்டும்.

நடுவில் அறுத்த பழைய பள்ளத்துக்கு இதே மாதிரி சின்னக் கல்தடுப்புகள் நாலு. கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் காலுக்கு நேர் மட்டத்தில் வரும்படி இடைவெளி விட்டேன். இரண்டு மழையில் பள்ளம் மண் தூர்ந்து மேலேறத் தொடங்கிவிட்டது.

இந்த அளவெல்லாம் எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கும் குறைந்த மழைக்கும் பொருந்தும். ஆழமான கரிசல் காட்டில் இப்படிச் செய்யாதீர்கள். வெயிலில் வரப்பு பிளந்துகொள்ளும், பிளவு வழியே தண்ணீர் புகுந்து உடைக்கும். சரிவு ஆறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் படிக்கட்டு மாதிரி தளம் வெட்டுவது பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். இயந்திரமும் அங்கே மணி வாடகைக்குக் கிடைக்கும்.

வரப்பு போட்ட கையோடு அதன்மேல் கொழுக்கட்டைப்புல் விதை தூவினேன். வாய்ப்பக்கத்தில் மட்டும் வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே இறங்கும், பயிரின் ஈரத்தைத் திருடாது. உழவும் விதைப்பும் இப்போது வரப்பை ஒட்டிக் குறுக்காகத்தான். கடலை வரிசைக்கு நடுவே தட்டைப்பயறு போட்டு மண்ணை மூடிவிடுகிறேன். மழைத்துளி வெறும் மண்ணில் அடித்தால் மேலே தோல் மாதிரி இறுகிவிடும், அப்புறம் வருவதெல்லாம் ஊறாமல் ஓடத்தான் செய்யும்.

பராமரிப்பில் பெரிய எதிரி எலி. தீபாவளிக்கு முன் ஒருமுறை, பொங்கல் கழித்து ஒருமுறை வரப்பு முழுக்க நடந்து, வளை தெரிந்தால் மேல்புறத்தைத் தோண்டித் திறந்து, ஈரக்களியும் சின்னக் கல்லும் திணித்து இடிக்கிறேன். வளையின் வாயை மட்டும் மூடினால் எலி இன்னொரு வாய் வைத்துக்கொள்ளும். மாடு தாண்டுகிற இடத்தில் வரப்பு தேயும், அங்கே இரண்டு பலகைக்கல் போட்டுவிட்டேன். போன ஐப்பசியில் பிடித்த பாட்டிலில் அரை விரல் மண் படிந்தது. பெரியப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் போகுதே" என்றார்.