ஃபோர்த் பழகும்போது அடுக்கைக் கண்ணால் பாருங்கள்

ஃபோர்த் என்ற கணினி நிரல் மொழியில் புதிதாக நுழைபவர்கள் திணறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்தே எடுக்கும் அடுக்கில் (ஸ்டாக்) இப்போது என்ன இருக்கிறது என்பது நினைவில் நிற்காது. நினைவில் வைக்கவே வேண்டாம். ஃபோர்த்தை இயக்கும் ஜிஃபோர்த் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் புள்ளியும் எஸ் எழுத்தும் சேர்ந்த அந்தக் குட்டிச் சொல்லை அடியுங்கள் (ஃபோர்த்தில் கட்டளைக்குச் 'சொல்' என்றுதான் பெயர்). அடுக்கைக் கலைக்காமல் அப்படியே காட்டும். வெறும் புள்ளி மட்டும் அடித்தால் மேலே இருக்கும் எண்ணை எடுத்து அச்சிட்டுவிடும், கவனம்.

10 3 - என்று அடித்துப் பாருங்கள். இரண்டு எண்களும் அடுக்கில் ஏறும். கழித்தல் குறி இரண்டையும் எடுத்துக்கொண்டு 7ஐ வைக்கும். நமக்கு இது அந்நியமே இல்லை. "பத்திலிருந்து மூன்றைக் கழி" என்று வினையைக் கடைசியில் வைத்துத்தானே பேசுகிறோம்!

அப்புறம், புதுச் சொல் எழுதும் முன் அடுக்குக் குறிப்பை எழுதிவிடுங்கள். வர்க்கத்துக்கு ( எண் -- வர்க்கம் ). இடப்பக்கம் முன்பு இருப்பது, வலப்பக்கம் பின்பு இருப்பது. திறக்கும் அடைப்புக்குறியை அடுத்து இடைவெளி கட்டாயம். ஃபோர்த்துக்கு அதுவும் ஒரு சொல். உள்ளே 'டூப் *' போதும்: டூப் 5ஐ 5 5 ஆக்கும், பெருக்கல் அதை 25 ஆக்கும்.

அடுக்கில் எண்களை இடம் மாற்றும் ஸ்வாப், ரோட் என்று திரும்பத் திரும்ப வந்தால் சொல்லை இரண்டாக உடையுங்கள். யாரிடமாவது சந்தேகம் கேட்டாலும் இந்தக் குறிப்பையும், எந்தச் சொல்லில் அடுக்கு பிசகியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பதில் சொல்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.