ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு: பாட்டு வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை திருகோணமலையில் மூன்று பேர் தனித்தனியே பாடிப் பதிவு செய்தால், பதிகம் ஒன்றுதான், ஐ.எஸ்.ஆர்.சி. மூன்று. ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனியே அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு இது. பாட்டு என்ற படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று வேறொன்று இருக்கிறது. ஆல்பத்துக்கு பார்கோடு எண். மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பிழை தொடங்குகிறது.

அதிகம் நடப்பது, மூலப் பாட்டின் குறியீட்டையே கரோக்கிக்கும் போட்டுவிடுவது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளங்கள் குறியீட்டைப் பார்த்துத்தான் பதிவை அடையாளம் காண்கின்றன. அதனால் கரோக்கியைக் கேட்டவர்களின் கணக்கும் பாடகரின் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். கரோக்கி, ரீமிக்ஸ், கோயில் மேடையில் நேரடியாகப் பாடியது, வீடியோ எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். அதே பாட்டை வெட்டியோ நீட்டியோ 10 விநாடிக்கு மேல் அளவு மாறினாலும் புதியது எடுக்க வேண்டும். மாறாக, ஒரே பதிவை வேவ், எம்பி3 என்று இரண்டு வடிவில் அனுப்பினால் குறியீடு மாறக்கூடாது.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரை மாற்றும்போது செய்யும் தவறுதான் கையைக் கடிக்கும். புதிய இடத்தில் பாட்டை ஏற்றும் படிவத்தில் குறியீட்டுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால், அவர்களே புதிய குறியீடு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதோடு பழைய கேட்பு எண்ணிக்கை பிரிந்து நிற்கும். பழைய கணக்கை மூடும் முன்னரே ஒவ்வொரு பாட்டின் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொண்டு, புதிய படிவத்தில் அதையே இடுங்கள். பதிவின் உரிமை கைமாறினாலும் குறியீடு மாறாது.

குறியீட்டில் மொத்தம் 12 இடங்கள். முதல் ஐந்து, குறியீடு கொடுப்பவரைக் குறிக்கும் முன்னொட்டு, அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். இடையில் வரும் கோடு வாசிக்க வசதிக்காக அச்சிடுவது, குறியீட்டின் பகுதியல்ல. பார்கோடில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஐ.எஸ்.ஆர்.சி.யில் அப்படி எதுவும் இல்லை. ஓர் இலக்கம் தவறினால் எந்த இயந்திரமும் தடுக்காது, அது வேறு யாருடைய பதிவையோ சுட்டலாம். கடைசி ஏழும் எப்போதும் எண்கள்தான்; அங்கே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். எக்செலில் வரிசை எண்ணைத் தனி நிரலில் வைத்தால் 00014 என்பது 14 ஆகிவிடும். அந்த நிரலை முதலே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். குறியீட்டைத் தட்டச்சு செய்வதைவிட நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

ஆண்டு என்பது குறியீடு கொடுத்த ஆண்டு, பாடிய ஆண்டு அல்ல. 1984 இன் கசெற் பதிவுக்கு 2025 இல் எண் எடுத்தால் 25 தான் வரும். முன்னொட்டைப் பார்த்துக் கலங்குவதும் வேண்டாம். இலங்கைப் பாட்டில் அமெரிக்காவின் ‘கியூஇசட்’ இருப்பது, அந்த விநியோகஸ்தர் அங்கே முன்னொட்டைப் பெற்றவர் என்பதால். அது உரிமையைக் காட்டாது. குறியீடு வைத்திருப்பது மட்டும் பதிப்புரிமைக்குச் சான்றும் ஆகாது.

எம்பி3 கோப்பின் டாக்கில் (கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரப் பகுதியில்) குறியீட்டை எழுதியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். தளங்களுக்குப் போவது படிவத்தில் நிரப்பும் விவரம். இறுவட்டு என்றால் மாஸ்டரிங் (அச்சிடுவதற்கான மூலப்பிரதி தயாரிப்பு) செய்பவரிடம் குறியீட்டுப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அச்சிட்ட பிறகு சேர்க்க வழியில்லை.

வெளியிடாமல் கைவிட்ட பதிவின் எண்ணை இன்னொரு பாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு முன்னொட்டுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் எண் இருக்கும்போது சிக்கனம் எதற்கு?